நாற்காலி யாருக்காகவும் நிற்காது: ஸ்கீ லிஃப்ட் வரிசை பற்றி ஓர் எளிய விளக்கம்

பனிச்சறுக்குக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் கதைகளில் பனி பாதி, மலைமேல் ஏற்றிப் போகும் ஸ்கீ லிஃப்டுக்கு நிற்கும் வரிசை பாதி. "ஆஸ்திரியாவில் ஒரே தள்ளுமுள்ளு, மனுஷன் நிற்க முடியாது." "அமெரிக்காவில் என்ன ஒழுங்கு தெரியுமா, ஒருத்தர் விட்டு ஒருத்தர்." "ஜப்பானில் லிஃப்ட்காரர் குனிந்து வணங்கி அனுப்புகிறார்." பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தந்த நாட்டுக்காரர்களின் குணத்தில்தான் வந்து நிற்கும். இவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள், அவர்கள் முட்டி மோதுகிறவர்கள் என்று தீர்ப்பும் எழுதியாகிவிடும்.

நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அரை மணி நேரமாக வரிசையில் நின்றபோது, பொழுது போகாமல், மேலே போகிற நாற்காலிகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். நான்கு பேர் உட்காரும் நாற்காலி. இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று. எண்ண எண்ண என் எரிச்சல் இடம் மாறிக்கொண்டே போனது. முந்திப் போன ஆளை மறந்துவிட்டேன். காலியாகப் போன இடங்கள்தான் கண்ணை உறுத்தின.

அந்தக் காலி இடங்களைப் புரிந்துகொண்டால் எந்த நாட்டில் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

ரேஷன் கடையும் ஷேர் ஆட்டோவும்

ரேஷன் கடை வரிசையை எடுத்துக்கொள்வோம். ஒரு தராசு, ஒரு ஆள். ஒவ்வொருவராகத்தான் வாங்க முடியும். அங்கே யார் முன்னால், யார் பின்னால் என்பது மட்டும்தான் கேள்வி. பையை வைத்து இடம் பிடித்தாலும், செருப்பை வைத்து இடம் பிடித்தாலும் சண்டை அதைப் பற்றியதுதான். ஒருவர் நடுவில் புகுந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு முறை தள்ளிப்போகும். சாயங்காலத்துக்குள் கடைக்காரர் போடும் அரிசியின் அளவு மட்டும் மாறாது.

ஷேர் ஆட்டோ வேறு ரகம். "இன்னும் ஒரு ஆள், ஒரு ஆள்" என்று கூவி, நிரப்பிக்கொண்டுதான் கிளம்பும். ஒரு இடம்தான் பாக்கி, முன்னால் நிற்பது மூன்று பேர் கொண்ட குடும்பம் என்றால், பின்னால் தனியாக நிற்பவர் ஏறிக்கொள்வார். குடும்பம் அடுத்த ஆட்டோவுக்கு நிற்கும். அவர் முந்திவிட்டார் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

இப்போது அந்த ஷேர் ஆட்டோ 6 வினாடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது, நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் கிளம்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீ லிஃப்ட் அதுதான்.

வாழைத்தாரில் இருந்து வந்த நாற்காலி

நாற்காலி லிஃப்ட் என்பது மலையடிவாரத்தில் ஒரு பெரிய சக்கரம், மேலே ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் எஃகு வடம், அந்த வடத்தில் வரிசையாகத் தொங்கும் நாற்காலிகள். காலில் ஸ்கீயோடு, அதாவது பனியில் சறுக்கும் நீளப் பலகையோடு நிற்பீர்கள். நாற்காலி பின்னால் இருந்து வந்து முழங்காலுக்குப் பின்புறம் தட்டும். உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாற்காலி லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள சன் வேலியில் ஓடத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் கரன். கப்பலில் வாழைத்தார் ஏற்றுவதற்கு, கொக்கிகள் தொங்கியபடி ஓடும் ஒரு வட இயந்திரம் அப்போது இருந்தது. தார் தொங்கிய கொக்கியில் ஆள் உட்கார ஏன் ஒரு நாற்காலி மாட்டக் கூடாது என்பதுதான் அவருக்கு வந்த யோசனை.

அந்த முதல் லிஃப்டில் நாற்காலிக்கு ஒரு ஆள்தான். அதனால் அது ரேஷன் கடை வரிசையாகவே இருந்தது. இரண்டு பேர் நாற்காலி, நான்கு பேர் நாற்காலி, அப்புறம் ஆறு, எட்டு என்று வளர்ந்தபோதுதான் வரிசையின் தன்மையே மாறியது.

இங்கே இரண்டு சொற்கள் தேவைப்படும். ஒரு நாற்காலி வந்து அடுத்தது வரும் வரையான நேரத்தை இடைவெளி என்போம். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேரை ஏற்ற முடியும் என்பது கொள்ளளவு. இடைவெளி 6 வினாடி என்றால் மணிக்கு 600 நாற்காலி. நான்கு பேர் நாற்காலி என்றால் கொள்ளளவு 2,400 பேர். அதாவது நிமிடத்துக்கு 40 பேர்.

உங்களுக்கு முன்னால் 600 பேர் நிற்கிறார்கள். நாற்காலிகள் முழுதாக நிரம்பிப் போனால் 15 நிமிடத்தில் உங்கள் முறை வரும். சராசரியாக மூன்று பேர்தான் உட்காருகிறார்கள் என்றால் 20 நிமிடம். நான் எண்ணிய அந்த நாளைப் போல இரண்டரைப் பேர் என்றால் 24 நிமிடம்.

இதோடு, உங்களை முந்திப் போகிறவரால் வரும் நஷ்டத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 40 பேர் ஏறும்போது ஒருவர் முந்தினால் உங்களுக்கு ஒன்றரை வினாடி போகும். பத்துப் பேர் முந்தினாலும் 15 வினாடிதான். காலி இடங்களோ ஒன்பது நிமிடத்தை விழுங்குகின்றன. நாம் முறைத்துப் பார்ப்பது மட்டும் முந்துகிற அந்தப் பத்துப் பேரைத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: லிஃப்ட் நமக்காக நிற்காது. காலியாகப் போன இடம் போனதுதான், திரும்பி வராது. ஆகவே இந்த வரிசைக்கு இரண்டு வேலை. ஒன்று முறை காப்பது, இன்னொன்று நாற்காலியை நிரப்புவது. ஒவ்வொரு நாடும் இந்த இரண்டையும் தனக்குத் தெரிந்த வழியில் செய்து பார்க்கிறது.

வேகமான லிஃப்ட் போட்டால் கூட்டம் குறையுமா?

"இவ்வளவு பணம் வாங்குகிறார்கள், ஒரு வேகமான லிஃப்ட் போடக் கூடாதா" என்பது வரிசையில் அடிக்கடி கேட்கும் புலம்பல். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

பழைய வகை லிஃப்டில் நாற்காலி வடத்தோடு இறுகப் பிடித்திருக்கும். வடத்தின் வேகம்தான் நாற்காலியின் வேகம். வினாடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் போனால் ஏறுகிறவர் கதி அதோகதி. புது வகையில் பிடி கழன்றுகொள்ளும். நிலையத்துக்குள் வந்ததும் நாற்காலி வடத்தை விட்டுவிட்டு மெதுவாக நகரும். ஆள் ஏறியதும் மறுபடி வடத்தைப் பிடித்து வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பறக்கும். இப்படிக் கழலும் பிடியோடு நான்கு பேர் உட்காரும் முதல் லிஃப்ட் 1981இல் கொலராடோ மாநிலத்தின் பிரெக்கன்ரிட்ஜில் வந்தது.

வடத்தின் வேகம் இரட்டிப்பானது, சரி. ஆனால் ஏறுகிற இடத்தில் நாற்காலி இன்னும் 6 வினாடிக்கு ஒன்றாகத்தான் வருகிறது. வடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே உள்ள தூரம் 15 மீட்டரில் இருந்து 30 மீட்டராகிவிட்டது, அவ்வளவுதான். கொள்ளளவு அதேதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1,500 மீட்டர் நீள லிஃப்ட் என்று வையுங்கள். பழையதில் பயணம் 10 நிமிடம், எந்த நேரமும் 400 பேர் வடத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். புதியதில் 5 நிமிடம், 200 பேர்தான் தொங்குவார்கள். மலையில் இருக்கும் மொத்தக் கூட்டம் மாறவில்லை, சறுக்கி இறங்கும் நேரமும் மாறவில்லை. அப்படியானால் மீதி 200 பேர் எங்கே? கீழே, வரிசையில், உங்களுக்கு முன்னால். கூட்டமான நாளில் காற்றில் உட்கார்ந்து காத்திருந்ததைத் தரையில் நின்று காத்திருக்கிறோம்.

கழலும் பிடியால் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏறும்போது நாற்காலி மெதுவாக வருவதால் புதியவர்கள் தடுமாறி விழுவது குறைகிறது. லிஃப்டை நிறுத்த வேண்டிய அவசியமும் அடிக்கடி வராது. நிறுத்தத்தின் விலை என்ன என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

அமெரிக்கா: கயிற்றுக்குள் கணக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய மலைகளில் லிஃப்டுக்கு முன்னால் கயிறு கட்டிப் பல பாதைகள் போட்டிருப்பார்கள். இரண்டு பாதை ஒன்றாகும், அப்படி ஒன்றான இரண்டு மறுபடி ஒன்றாகும், கடைசியில் ஏறும் இடம். சேரும் இடங்களில் "மாறி மாறிப் போகவும்" என்ற பொருளில் ஒரே சொல்லில் பலகை இருக்கும்: ஆல்டர்னேட். இந்தப் பக்கம் ஒரு குழு, அந்தப் பக்கம் ஒரு குழு. பேன்ட் ஜிப்பின் பல் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொள்வது மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது, மாறி மாறிப் போவது ஆட்கள் இல்லை, குழுக்கள். கயிற்றுக்குள் நுழைந்ததுமே பக்கத்தில் இருப்பவர்களோடு நான்கு நான்காகச் சேர்ந்துகொள்ள வேண்டும். நண்பர்கள் மூன்று பேர்தான் என்றால் ஒரு இடம் காலி. அதை நிரப்பத்தான் ஓரமாக இன்னொரு பாதை, சிங்கிள் வரிசை. தனியாக வந்தவர்கள் அங்கே நிற்பார்கள். லிஃப்டை இயக்கி ஆட்களை ஏற்றிவிடும் ஊழியரை அங்கே செல்லமாக லிஃப்டி என்பார்கள். லிஃப்டி ஒரு விரலைக் காட்டினால், சிங்கிள் வரிசையில் முதலில் நிற்பவர் சட்டென்று நழுவி அந்த மூவரோடு சேர்ந்துகொள்வார். சில இடங்களில் லிஃப்டி காட்டாவிட்டாலும் வரிசையில் இருப்பவர்களே "சிங்கிள்?" என்று குரல் கொடுப்பார்கள். ஷேர் ஆட்டோக்காரரின் "ஒரு ஆள்" தான்.

சிங்கிள் வரிசை பெரும்பாலும் வேகமாக நகரும். அதனால் நண்பர்கள் பிரிந்து அதில் போவதும் உண்டு, அது தப்பில்லை. ஆனால் முன்னால் போனதும் "நாங்கள் ஒன்றாக வந்தோம்" என்று மறுபடி ஒட்டிக்கொள்ளக் கூடாது. அது அங்கே பெரிய குற்றம். பின்னால் இருந்து குரல் வந்துவிடும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்த விஷயம் வேறு. ஐந்து பத்து நிமிடம் முன்பின் தெரியாத மூன்று பேரோடு கால்கள் தொங்க உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த ஊர், பனி எப்படி என்று பேச்சு தானாக ஆரம்பித்துவிடும்.

ஆல்ப்ஸ்: புனலும் கதவும்

ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து. இங்கேதான் அதிகப் புகார்கள். பல இடங்களில் லிஃப்டுக்கு முன்னால் கயிறே இருக்காது. அகலமாகக் கூடும் கூட்டம் முன்னால் போகப் போகக் குறுகி, எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி ஆகிவிடும். புனலின் வாயில் வரிசையாகக் கதவுகள். சட்டையின் இடது பாக்கெட்டில் அனுமதி அட்டை இருந்தால் கதவு தானே படித்துத் திறந்துவிடும். இடது பக்கம் என்பதை மறக்காதீர்கள். வலது பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கதவின் மேல் இடுப்பை உரசி நடனமாடும் ஒருவரையாவது தினமும் பார்க்கலாம்.

ஆறு பேர் நாற்காலிக்குப் பல இடங்களில் ஆறு கதவு வைத்திருப்பார்கள். ஒரே நேரத்தில் கதவு தாண்டியவர்கள் ஆறு பேரும் ஒரே நாற்காலி. அமெரிக்காவில் கயிறும் லிஃப்டியும் செய்யும் வேலையை இங்கே கதவு செய்துவிடுகிறது. ஊழியர் பெரும்பாலும் தன் கூண்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது அவர் கவலை இல்லை.

புனலுக்குள் முன்னேறுவது அங்கே ஒரு கலை. ஸ்கீயின் முனையை இரண்டு பேருக்கு நடுவே நீட்டினால் அந்த இடம் உங்களுடையது. நீட்டாமல் மரியாதையாக நின்றால், இரு பக்கமும் ஆட்கள் ஓடையாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். சாலையில் இரண்டு பாதை ஒன்றாகும் இடத்தில் ஜிப் மாதிரி ஒருவர் விட்டு ஒருவர் போக வேண்டும் என்று ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் போக்குவரத்துச் சட்டமே உண்டு. காரில் அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஸ்கீயில் ஏறியதும் மறந்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி? என் ஊகம், இது கேபிள் காரில் பழகிய பழக்கம். கேபிள் கார் என்பது ஒரு பெரிய பெட்டி. ஐம்பது, நூறு பேரை ஒரே மூச்சில் ஏற்றிப் போய்த் திரும்பி வரும். அங்கே நான்கு நான்காகச் சேர வேண்டிய அவசியமே இல்லை. கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே போகும், பெட்டி தானாக நிரம்பிவிடும். கொள்ளளவு வீணாவதில்லை, முறை மட்டும்தான் கெடுகிறது. முறையையும் காக்க வேண்டும் என்று நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. பிரான்சின் ஷமோனியில், 1955இல் திறக்கப்பட்ட எகுய் து மிடி கேபிள் காரில், எந்தப் பெட்டியில் ஏற வேண்டும் என்று எண் கொடுத்துவிடுகிறார்கள். டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி, அதுவரை நீங்கள் காபி குடிக்கலாம்.

புனலுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கூட்டமான நாளில் அங்கே நாற்காலிகள் நிரம்பித்தான் போகின்றன. யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நிற்பதில்லை, இடைவெளி தெரிந்தால் ஒருவர் புகுந்துவிடுகிறார். முறை போனது, நிரப்பல் நடந்தது. லிஃப்டி கவனிக்காத அமெரிக்க மலையில், "நீங்கள் போங்கள்", "இல்லை, நீங்கள் போங்கள்" என்று மரியாதை பார்த்துக்கொண்டிருக்கையிலேயே காலி நாற்காலி ஒன்று மேலே போய்விடும். எது நாகரிகம் என்று கேட்டால் நான் இப்போதெல்லாம் சட்டென்று பதில் சொல்வதில்லை.

சுருக்கமாக: அமெரிக்கா வரிசையைக் கயிற்றில் கட்டி இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறது. ஆல்ப்ஸ் நிரப்புவதைக் கதவிடம் விட்டுவிட்டு, முறையை அவரவர் முழங்கையிடம் விட்டுவிட்டது.

ஜப்பான்: ஒழுங்கு உண்டு, காலி இடமும் உண்டு

ஜப்பானில் முந்துவது அரிது. ஊழியர் நாற்காலியில் படிந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, குனிந்து வணங்கி அனுப்புவார். ஆனால் தெரியாதவரோடு ஒரே நாற்காலியில் உட்காரப் பலருக்குத் தயக்கம். நான்கு பேர் நாற்காலியில் கணவன் மனைவி இரண்டே பேர் போவது சாதாரணம். இருவர் நாற்காலிகள் அங்கே நிறைய என்பதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. நிசேகோவில் சாய்மானம் கூட ஒழுங்காக இல்லாத ஒற்றை இருக்கை லிஃப்ட் ஒன்று புகழ்பெற்றது. பீட்சா பெட்டி அளவுதான் இருக்கை என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் அதை அப்படியே பீட்சா பெட்டி என்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் இருந்த பனிச்சறுக்கு மோகம் அங்கே தணிந்துவிட்டதால், பல மலைகளில் இந்தத் தாராளம் கட்டுப்படியாகிறது.

எந்த ஊரிலும் திட்டு வாங்கித் தருபவை

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 1967இல் வகுத்த பத்து நடத்தை விதிகள் உலகெங்கும் மலைகளில் ஒட்டப்பட்டிருக்கும். எப்படி முந்துவது, எங்கே நிற்கலாம், விபத்தில் என்ன செய்வது எல்லாம் அதில் உண்டு. லிஃப்ட் வரிசை பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. ஆகவே இவை எழுதாத சட்டங்கள்தான்.

முதலாவது, அடுத்தவர் ஸ்கீயின் மேல் ஏறாதீர்கள். ஸ்கீ ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். உங்கள் முன்னால் இருப்பவரின் ஸ்கீயின் வால் உங்கள் பூட்ஸ் வரை வந்திருக்கும். உங்கள் ஸ்கீயின் விளிம்பு இரும்பு. ஏறி மிதித்தால் மேல்பூச்சு கீறிவிடும். புது ஸ்கீ வாங்கியவருக்கு அது புது காரில் விழுந்த கோடு. ஆல்ப்ஸில் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள், அமெரிக்காவில் முகம் மாறிவிடும்.

மீட்புப் பணியாளர்களும் பயிற்சி வகுப்புக் குழந்தைகளும் முன்னால் போவார்கள். அதை முந்துவதாக எண்ணாதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம், ஆனால் யாரும் அதை நாகரிகக் கணக்கில் சேர்ப்பதில்லை: உங்கள் நாற்காலி வரும்போது தயாராக இருங்கள். கைத்தடி இரண்டும் ஒரே கையில், முதுகுப்பை முன்னால், பார்வை தோளுக்குப் பின்னால். செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்து தடுமாறி விழுந்து, லிஃப்ட் 30 வினாடி நின்றால் ஐந்து நாற்காலி, அதாவது 20 இடம் போச்சு. பின்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் 30 வினாடி. முன்பு சொன்ன கணக்குப்படி இருபது பேர் சேர்ந்து முந்தினால் ஆகிற நஷ்டம் அது. பயமாக இருந்தால் ஊழியரிடம் கையைக் காட்டினால் போதும், மெதுவாக்கிக் கொடுப்பார். மெதுவாக்குவதில் இழப்பு குறைவு.

காசு கொடுத்து முந்துவது

திருப்பதியில் 300 ரூபாய் தரிசனம் தெரியும்தானே? 2021இல் பவ்டர் என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஸ்கீ மலைகள் சிலவற்றில் அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. கூடுதலாகப் பணம் கட்டினால் தனிப்பாதை. ஒரேகான் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் ரான் வைடன் வரை எதிர்ப்பு போனது.

இந்தக் கோபத்தை நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். சிங்கிள் வரிசைக்காரர் உங்களை முந்தும்போது காலியாகப் போகவிருந்த இடத்தில் உட்காருகிறார், உங்களுக்கு நஷ்டமே இல்லை. பணம் கட்டியவர் உட்காருவது உங்களுக்கு வரவிருந்த இடத்தில். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் முந்துவதுதான். முதலாவது ஷேர் ஆட்டோ, இரண்டாவது ரேஷன் கடையின் பின்வாசல்.

முதல் முறை நிற்கப் போகிறவருக்கு

சுவிஸ் பள்ளிகளில் ஸ்கீ முகாம் வழக்கம் என்பதால், அங்கே வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கைவந்த கலை. அவர்களோடு போனால் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் அமெரிக்காவில் சிங்கிள் வரிசை, ஆல்ப்ஸில் புனலின் ஓரம். ஓரத்தில் ஒரு பக்கத்து இடிதான், நடுவில் இரண்டு பக்கமும்.

ஆல்ப்ஸில் இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். ஆஸ்திரியாவில் 1.25 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகள் பெரியவர் துணையோடுதான் நாற்காலியில் ஏற வேண்டும். ஒரு ஆசிரியர், எட்டுக் குழந்தைகள். எல்லோரோடும் அவரால் உட்கார முடியாது. அதனால் கதவுக்கு முன்னால் அவர் கண்ணில் பட்ட பெரியவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, ஹெல்மெட் போட்ட ஒரு வாண்டை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். மொழி தெரிய வேண்டியதில்லை. நாற்காலி வந்ததும் குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து, பாதுகாப்புக் கம்பியை இறக்கிவிட்டால் போதும். வழியெல்லாம் அது ஸ்கீயை ஆட்டி உங்கள் ஸ்கீயில் தட்டிக்கொண்டே வரும். மேலே போனதும் கம்பி முழுதாகத் தூக்கும் முன்பே குதித்து, திரும்பிக் கூடப் பார்க்காமல், நீங்கள் அரை நாளாகக் கற்றுக்கொண்ட வளைவை மூன்று வினாடியில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடும்.